கயிறு மாத்தின பெறகு மனசு மாறினா?

ஏலே பேராண்டி, நடக்குறதுக்கு 38,000 ரூவா குடுத்து மிஷின் வாங்கின மொத ஆள் நம்ம வம்சத்துல நீதான். உங்க பாட்டன் பூட்டன் எல்லாம் கம்மாக்கரையில ஓசியில நடந்து பொழப்பைக் கெடுத்துக்கிட்டாக. நீ தீபாவளித் தள்ளுபடியில, ராத்திரி பன்னெண்டு மணிக்கு, படுத்துக்கிட்டே நடக்குற மிஷினை வாங்கியிருக்க. இப்ப அந்தக் கம்பியில உன் பொண்டாட்டி துண்டு காயப் போடுதாளாம். நல்ல கம்பிதான், துருப் பிடிக்காது. பொருளைக் குறை சொல்லக் கூடாது.

"மனசு மாறிப் போச்சு தாத்தா, திருப்பிக் குடுத்துக் காசை வாங்கச் சட்டத்துல எடம் இருக்கா?"ன்னு போன்ல கேட்ட. வக்கீல்ட்ட கேக்க வேண்டிய கேள்வியை மாட்டுத் தரகன்ட்ட கேட்டிருக்க. ஒருவகையில சரியான ஆள்ட்டதான் வந்திருக்க. வாங்கணும்னு வந்தவன் மனசைப் போக வைக்கவும், போறவன் மனசைத் திரும்ப வைக்கவும்தானே காலம் பூரா கூலி வாங்கினேன். உன் போன்ல இருக்கானே ஆப்புக்காரன், அவன் பண்ணுற அத்தனை வேலைக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். சட்டத்தையும் கொஞ்சம் கேட்டுத் தெரிஞ்சு வச்சிருக்கேன். கேளு.

மாட்டுத்தாவணியில ஒரு சோடி காளையை ஒருத்தன் வாங்குதான்னு வையி. வந்த ஒடனே வாங்க மாட்டான். பல்லைப் பிடிச்சு ரெண்டு பல்லா நாலு பல்லான்னு பாப்பான். சுழி பாப்பான். நடக்க விட்டுப் பின்னாலயே போவான். கறவை மாடுன்னா கறந்து பாப்பான். ஏன்னா முந்தின நாள் சாயங்காலமே கறக்காம விட்டு, மடி பெருசாத் தெரியட்டும்னு ஓட்டிக்கிட்டு வாரவன் இருக்கான். அப்புறம் துண்டை மேல போட்டுக் கைக்குள்ள கை விட்டு, வெரலைப் பிடிச்சு வெலை பேசுவோம். ஒத்து வரலைன்னா ஒதறிட்டுப் போயி டீ குடிச்சுட்டு வருவான். அந்த டீ குடிக்கிற நேரம் இருக்கே, அதுலதான் அவன் புத்தி வேலை செய்யும். தரகனுக்குப் பிடிக்காத நேரம் அதுதான். கடைசியா வித்தவன் தன் கயித்தை அவுத்துக்கிடுவான், வாங்கினவன் தன் கயித்தைப் போடுவான். கயிறு மாத்தியாச்சுன்னா மாடு கை மாறியாச்சு. மறுநாள் வந்து "எனக்கு மாட்டு நெறம் பிடிக்கல"ன்னு சொன்னா, சந்தையே சிரிக்கும்.

நீ என்ன பண்ணின? பல்லையும் பாக்கல, நடத்தியும் பாக்கல. மாட்டோட போட்டோவைப் பாத்துட்டுக் கயித்தை மாத்திட்ட.

சரி, சட்டத்துக்கு வாரேன். நம்ம நாட்டுல, கடையில வாங்கினாலும் சரி, போன்ல வாங்கினாலும் சரி, "மனசு மாறிப் போச்சு"ங்கிற ஒரே காரணத்துக்காக எந்தப் பொருளையும் திருப்பிக் குடுக்கலாம்னு பொதுவான சட்டம் கெடையாது. 1986-ல நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. அதை எடுத்துட்டு 2019-ல புதுசா ஒண்ணு போட்டாக. 2020 ஜூலையில இருந்து அதுதான் நடப்புல இருக்கு. ரெண்டுலயும் தேடிப் பாத்தாலும் உன் மனசுக்குன்னு தனியா ஒரு பிரிவு இல்ல.

"அப்ப ஆப்புல ஏழு நாள் ரிட்டர்ன்னு போட்டிருக்கானே?"ன்னு கேப்ப. அது சட்டம் போட்ட சோறு இல்லலே, வியாபாரி தன் வசதிக்குக் குடுத்த வாக்கு. இந்தப் பொருளுக்குக் குடுப்பான், அந்தப் பொருளுக்குக் குடுக்க மாட்டான். ஆனா குடுத்தா அந்த வாக்கு அவனைக் கட்டும். அதனால வாங்குற அன்னைக்கே அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிக்கிடணும். நாளைக்கு அதே பக்கத்துல வேற வரி இருக்கலாம். இன்னொண்ணு, அது ரிட்டர்னா ரீப்ளேஸ்மென்ட்டான்னு நல்லா பாத்தியா? ரீப்ளேஸ்மென்ட்னா காசு வராது ராசா. இந்த மிஷினை எடுத்துட்டு இதே மாதிரி இன்னொரு மிஷினைக் கொண்டாந்து எறக்குவான். உன் பொண்டாட்டிக்குப் புதுக் கம்பி கெடைக்கும்.

ஆனா பொருள்லயே கோளாறுன்னா கதை வேற. அங்கன சட்டம் நல்லா முறுக்கிக்கிட்டு நிக்குது. கோளாறான பொருளைத் திருப்பி வாங்க மாட்டேன், காசு தர மாட்டேன்னு கடைக்காரன் சொன்னா, அதுக்கு நேர்மையில்லாத வியாபாரம்னு 2019 சட்டம் பேரு வச்சிருக்கு. பில்லுல எத்தனை நாள்னு போட்டிருக்கோ அதுக்குள்ள வாங்கியாகணும். ஒண்ணுமே போடலைன்னா 30 நாள். பில்லு குடுக்காம இருக்குறதும் அதே கணக்குல ஒரு குத்தம்தான்.

நம்ம ஊர்க் கடைகள்ல பில்லுக்கு அடியில சாமி படத்தை விடப் பெருசா ஒரு வரி இருக்கும்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." அதைப் பாத்ததும் நம்மாளுக அப்பிடியே கும்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துருவாக. அந்த மாதிரி பில்லுல அச்சடிக்கிறது சரியில்லன்னு ஒன்றிய அரசோட நுகர்வோர் துறை 1999-லயே மாநிலங்களுக்கு எழுதிட்டு. அச்சகத்துக்காரருக்கு மட்டும் அந்தக் கடுதாசி இன்னும் போய்ச் சேரல போலிருக்கு. கோளாறான பொருளுக்கு அந்த வரி செல்லாது. அச்சடிச்சதெல்லாம் சட்டம்னா, கல்யாணப் பத்திரிகையில போட்ட பட்டம் பூரா உண்மைன்னு ஆயிரும்.

ஆன்லைன் வியாபாரத்துக்குன்னே 2020-ல விதிகள் வந்திருக்கு. பொருள்ல கோளாறு, போலிச் சரக்கு, வெளம்பரத்துல சொன்ன மாதிரி இல்ல, சொன்ன தேதிக்கு வந்து சேரல, இதுல எது நடந்தாலும் விக்கிறவன் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. புயல், வெள்ளம்னு அவன் கையை மீறித் தாமதமாச்சுன்னா மட்டும் விலக்கு. ஆர்டரை ரத்து பண்ணினா அபராதம்னு உன்கிட்ட பிடிக்கணும்னா, அவனா ரத்து பண்ணும்போதும் அதே மாதிரி நட்டத்தை அவன் சொமக்கணும். இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. தாவணியிலயும் அச்சாரம் குடுத்தவன் பின்வாங்கினா அச்சாரம் போச்சு, வாங்கினவன் பின்வாங்கினா ரெட்டிப்பாத் தரணும்னு பேசிக்கிடுத ஆளுக இருந்தாக. நியாயம்னா ரெண்டு பக்கமும் வெட்டணும்.

"வெளிநாட்டுலன்னா எதை வேணா திருப்பிக் குடுக்கலாமாமே"ன்னு நீ பெருமூச்சு விடுவ. அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வாரவன் அவுத்துவிடுற கதைகள்ல இது ஒண்ணு. அங்கன சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு கேளு. சூட்டு கோட்டு போட்டுக்கிட்டு வாசல்ல வந்து கதவைத் தட்டுவான், வீட்டுக்காரம்மா தனியா இருக்குற நேரமாப் பாத்து வருவான், கலைக்களஞ்சியமோ தூசி உறிஞ்சுற மிஷினோ எடுத்து விரிப்பான், தவணைக்குக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் எந்திரிப்பான். மரியாதைக்கு "போய்யா"ன்னு சொல்ல முடியாத சனங்க மாட்டிக்கிட்டாக. அதனால பிரிட்டன்ல 1964-ல தவணை வியாபாரச் சட்டத்துல, கடைக்கு வெளியில வச்சுக் கையெழுத்துப் போட்டிருந்தா ரத்து பண்ணிக்கிட நாலு நாள் குடுத்தாக. அமெரிக்காவுல வீட்டுக்கு வந்து விக்கிறவங்களுக்குன்னு 1972-ல விதி போட்டு, 1974-ல நடப்புக்குக் கொண்டாந்தாக. வேலை நாள் கணக்குல மூணு நாள். நான் சொன்னேனே, டீ குடிச்சுட்டு வார நேரம், அதைச் சர்க்காரே எழுதிக் குடுத்த மாதிரி.

பெறகு ஆன்லைன் வந்துச்சு. தொட்டுப் பாக்காமத்தானே வாங்குதான்னு யோசிச்சு, ஐரோப்பிய ஒன்றியத்துல 2011-ல சட்டம் எழுதி 2014 ஜூன்ல இருந்து 14 நாள் குடுத்தாக. காரணமே சொல்ல வேண்டாம். பொருள் கைக்கு வந்த நாள்ல இருந்து கணக்கு. இப்பிடி ஒரு உரிமை இருக்குன்னு வாங்கினவன்ட்ட வியாபாரி சொல்லாம விட்டான்னா, அந்த 14 நாளுக்கு மேல இன்னும் 12 மாசம் நீண்டுரும். வாயை மூடிக்கிட்டு இருந்தா லாபம்னு நெனைக்கிறவனுக்கு நல்ல வைத்தியம்.

ஆனா அங்கயும் ஒரு கதவு பூட்டித்தான் இருக்கு. உன் அளவுக்குத் தச்ச சட்டை, கெட்டுப்போற பண்டம், சுகாதாரத்துக்காக ஒட்டின உறையைப் பிரிச்ச சாமான் எல்லாம் திரும்பாது. அதை விட முக்கியம், கடைக்கு நீயா நடந்து போயி, தொட்டுப் பாத்து வாங்கின பொருளுக்கு இந்த 14 நாள் செல்லாது. அங்கன எடுத்துக்கிட்டா அது அந்தக் கடைக்காரன் பெருந்தன்மை. கதை சொல்லுதவன் சட்டத்தையும் பெருந்தன்மையையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிருவான்.

நம்ம சர்க்காரும் சும்மா இல்ல. எல்லாப் பொருளுக்கும் குடுக்கலைன்னாலும், மனுசன் ஏமாறுறதுக்குன்னே இருக்குற சில எடங்களைப் பாத்து நேரம் குடுத்திருக்கு. அந்த எடம் எதுன்னு நம்மாளுகளுக்குத் தெரியாது, அதுதான் வேடிக்கை.

உங்க மாமனை எடுத்துக்கோ. டெபாசிட்டைப் புதுப்பிக்கப் பேங்குக்குப் போனாரு. ஏசி ரூம்ல உக்கார வச்சு, காப்பி குடுத்து, "சார்"னு கூப்பிட்டாக. மனுசனை ஆயுசுல அப்பிடி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. வெளிய வரும்போது கையில இன்சூரன்ஸ் பாலிசி. வருசம் வருசம் கட்டணும்ங்கிறது அவருக்கு மறு வருசம்தான் தெரிஞ்சுது. பாலிசிப் பத்திரம் வந்தப்ப என்ன பண்ணினாரு? பிரிக்கலை. மஞ்சள் தடவிப் பொட்டு வச்சு பீரோவுல பூட்டினாரு.

அந்த உறைக்குள்ளதான்லே அவருக்கான விடுதலை இருந்துச்சு. ஆயுள் பாலிசியோ, உடம்புக்கான பாலிசியோ, ஒரு வருசமோ அதுக்கு மேலயோ காலக்கெடு உள்ளதுன்னா, பத்திரம் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள் உனக்கு. படிச்சுப் பாத்துப் பிடிக்கலைன்னா வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாம். முன்ன பெரும்பாலும் 15 நாளா இருந்துச்சு. 2024-ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாத்துக்கும் 30 ஆக்கிட்டு. அதுவரைக்கும் உன் உசுரைக் காத்ததுக்கான கூலி, டாக்டர் சோதனைச் செலவு, முத்திரைத்தாள் செலவு, இதைக் கழிச்சுட்டு மிச்சத்தைத் தரணும். பங்குச் சந்தையோட சேத்துக் கட்டின பாலிசின்னா அன்னைக்கு யூனிட் வெலை என்னவோ அதையும் பாப்பாக. கட்டின காசுல பெரும்பகுதி திரும்பிரும். இதுக்குப் பேரு ஃப்ரீ லுக். சும்மா பாக்கலாம்னு அவனே சொல்லுதான், நம்மாளுக பாக்க மாட்டேங்கான். மஞ்சள் பொட்டுக்கு மட்டும் குறைச்சல் இல்ல.

அடுத்தது செல்போன் கடன். ஆதாரைக் காட்டு, மொகத்தைக் காட்டு, ஐஞ்சு நிமிசத்துல காசுன்னு வருதே, அது. வாங்கின கையோட "அய்யோ"ன்னு இருந்துச்சுன்னா, ரிசர்வ் வங்கி அதுக்கும் ஒரு மூச்சு விடுற நேரம் வச்சிருக்கு. 2025-ல வந்த உத்தரவுப்படி அது கொறஞ்சது ஒரு நாளாச்சும் இருக்கணும். எத்தனை நாள்ங்கிறதைக் கடன் குடுக்குறவன் முடிவு பண்ணுவான். அதுக்குள்ள அசலையும், அந்த நாளைக்கான வட்டிக் கணக்கையும் கட்டிட்டு வெளிய வந்துரலாம். அபராதம் போடக் கூடாது. முன்னாடியே சொல்லியிருந்தா பிராசஸிங் ஃபீஸை மட்டும் அவன் வச்சிக்கிடலாம். ஆனா ஒண்ணு, அந்த ஒரு நாளுக்குள்ள காசைச் செலவழிச்சுட்டேன்னா நீ எதைத் திருப்பிக் கட்டுவ? உன் மிஷினே அந்தக் காசுலதான் வந்துச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். பதில் சொல்ல வேண்டாம், காது சிவக்குறது தெரியுது.

மூணாவது, கல்யாண வீட்டுல ஓரமாக் கூட்டிட்டுப் போயி, "மாப்ள, வேலையை விடு, ஆறு பேரைச் சேத்து விடு, சிங்கப்பூர் டூர்"னு டப்பாவும் டயரியுமா வாரானே, அந்த வியாபாரம். நேரடி விற்பனைக்குன்னு 2021 டிசம்பர்ல விதிகள் போட்டாக. ஆள் சேத்து ஆள் தலையில காசு பாக்குற பிரமிடு திட்டமே கூடாது. முறையா நடத்துறவன்ட்ட சேந்தவனுக்கும், சேந்த ஒப்பந்தத்தை அபராதமில்லாம ரத்து பண்ணிக்கிட ஒரு கால அவகாசம் குடுத்தாகணும். எத்தனை நாள்னு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால கேளு. "அதெல்லாம் எதுக்கு மாப்ள, நெகட்டிவா யோசிக்காத"ன்னான்னா, பந்தியில எலை போட்டுட்டாகன்னு எந்திரிச்சு வந்துரு.

நாலாவது, நீட்டு, ஐஐடின்னு கோச்சிங் சென்டர்ல ரெண்டு வருசப் பணத்தை மொத்தமாக் கட்டுதானே. பிள்ளைக்குப் பிடிக்கலைன்னு பாதியில நின்னா, மிச்சக் காலத்துக்கான பணத்தைக் கணக்குப் போட்டுப் பத்து நாளைக்குள்ள திருப்பித் தரணும்னு 2024 ஜனவரியில ஒன்றிய கல்வி அமைச்சகம் வழிகாட்டு நெறி குடுத்திருக்கு. நெறிதான், அதை விதியா ஆக்க வேண்டியது மாநிலங்க. இருந்தாலும் சென்டர்க்காரன் மேசையில அந்தத் தாளை விரிச்சு வச்சுப் பேசு. கணக்கு சொல்லித் தாரவனுக்குக் கழித்தல் தெரியாமலா இருக்கும்?

இப்ப முக்கியமான கேள்விக்கு வாரேன். "மனசு மாறிப் போச்சு"ன்னு சொன்னியே, அது தானா மாறுச்சா, இல்ல அவன் மாத்துனானா? தரகன் கேக்கேன், யோசிச்சுச் சொல்லு.

வாங்கும்போது என்ன காட்டினான்? "ரெண்டே ரெண்டுதான் இருக்கு"ன்னானா? "இன்னும் எட்டு நிமிசத்துல வெலை ஏறிரும்"னு கடியாரம் ஓட விட்டானா? நாங்களும் தாவணியில ஒரு ஆளை நிறுத்தி வச்சிருப்போம், "எனக்குக் குடுத்துரு"ன்னு சத்தம் போடுறதுக்கு. அவனுக்கு ஒரு டீயும் வடையும் செலவு. இப்ப அந்த ஆள் வேலையைக் கடியாரம் பாக்கு, வடைச் செலவு மிச்சம். நீ கேக்காத வாரண்டியோ தருமக் காசோ கூடைக்குள்ள தானா ஏறியிருந்துச்சா? வேண்டாம்ங்கிற பொத்தானுல "வேண்டாம், என் குடும்பத்துப் பாதுகாப்பு எனக்கு முக்கியமில்ல"ன்னு எழுதி உன்னை வெக்கப்பட வச்சானா? சேர ஒரு பொத்தான், வெலக முப்பது பக்கம்னு சந்தாவுல மாட்டி வச்சானா? கடைசிப் பக்கத்துல வந்த பெறகுதான் கூலி, வரி, பொட்டலம் கட்டுற காசுன்னு ஒவ்வொண்ணா எறக்கினானா?

இதுக்கெல்லாம் டார்க் பேட்டர்ன்னு பேரு. 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 தந்திரத்தைப் பட்டியல் போட்டு, கூடாதுன்னு தடுத்துட்டு. படிச்சுப் பாத்தேன். பாதிக்கு மேல நம்ம தாவணிச் சரக்குதான், இங்கிலீஷ் சட்டை போட்டிருக்கு. முன்கூட்டியே டிக் அடிச்ச பெட்டியைக் காட்டி "நீங்க சம்மதிச்சீங்களே"ன்னு சொல்லவும் கூடாதுன்னு 2020 விதியிலயே இருக்கு. சந்தாக் காசு கணக்குல இருந்து தானா கழியுதுன்னா, கழியுறதுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னால பேங்கு உனக்குச் சொல்லணும். அந்தச் செய்தி வந்த ஒடனே நிறுத்திரலாம். அந்தச் செய்தியைத்தான் நீ பாக்காமலே துடைச்சு விடுத.

பொய் சொல்லி ஒருத்தனைச் சம்மதிக்க வச்சா, அந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவன் வேண்டாம்னு தள்ளிரலாம்னு 1872-ஆம் வருசத்து ஒப்பந்தச் சட்டத்துலயே எழுதி வச்சிருக்கான். நம்ம பாட்டன் காலத்துச் சட்டம், இன்னும் உசுரோட இருக்கு. அதனால நான் சொல்லுதது இதுதான்: தானா மாறின மனசுக்குச் சட்டத்துல எடம் கொஞ்சம்தான். அடுத்தவன் பொய் சொல்லித் திருப்பின மனசுக்கு எடம் தாராளமா இருக்கு. வியாபாரி என்ன பண்ணுதான்னா, தான் சொன்ன பொய்க்கும் "கஸ்டமருக்கு மனசு மாறிருச்சு"ன்னு பேரு வைக்கான். நீயும் அவன் வச்ச பேரையே சொல்லிக்கிட்டுத் திரியுத.

அதுக்காக வாங்குறவன் எல்லாம் அரிச்சந்திரன் வாரிசுன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம தெருவுலயே இருக்காக. பட்டுச் சேலையை ஆன்லைன்ல எடுத்து, வெலைச் சீட்டை ஜாக்கெட்டுக்குள்ள மறைச்சுக்கிட்டு, ரெண்டு கல்யாணம், ஒரு வளைகாப்பு முடிச்சு, "கலர் வேற மாதிரி இருக்கு"ன்னு திருப்பி அனுப்புதாக. சாம்பார்க் கறைதான் வேற கலரு. வேர்ல்டு கப்புக்குப் பெரிய டீவி வாங்கி, பைனல் முடிஞ்ச மறுநாள் "செவத்துக்குப் பெருசா இருக்கு"ன்னு சொன்ன ஒரு பெரிய மனுசனையும் எனக்குத் தெரியும். இந்தச் சூரத்தனத்துக்கு யாரு காசு குடுக்கா? வியாபாரியா? அவன் அதை அடுத்த வெலையில ஏத்திருவான். இல்லைன்னா "இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கெடையாது"ன்னு ஒரு வரி போட்டுருவான். நெசமாவே அளவு பத்தாத சட்டையை வாங்கின ஏழைப்பட்ட பிள்ளை அந்த வரியில வந்து முட்டிக்கிடும்.

சரி, இனி என்ன செய்யணும்னு சொல்லுதேன். தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாக. காசு குடுத்து வாங்குற மாட்டைப் பாக்காதன்னு எவனும் சொல்லலை. 1,000 ரூவாய்க்கு மேலன்னா கூடையில போட்டுட்டு ராத்திரி தூங்கு. சட்டம் குடுக்காத டீ நேரத்தை நீயே எடுத்துக்கோ. காலையில வெலை ஏறிருக்கும்னு பயப்படாத. தள்ளுபடி பொங்கலுக்கும் வரும், ஆடிக்கும் வரும், ஒண்ணும் இல்லைன்னா சும்மாவும் வரும்.

வாங்கியாச்சுன்னா பில்லை வச்சிக்கோ, வெளம்பரத்தைப் படம் பிடிச்சு வச்சிக்கோ. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடு. நீ சாப்பிடுறதை எல்லாம் வீடியோ எடுக்குற ஆள்தானே, இதையும் எடு. கோளாறுன்னா மொதல்ல விக்கிறவனோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல அனுப்பு. 48 மணி நேரத்துல கெடைச்சுதுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும்னு விதி. அசையலைன்னா 1915-க்குப் போன் போடு, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். பல வழக்கு அந்தப் போன்லயே முடிஞ்சிரும். கேக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலே பாதிப் பேருக்கு நல்ல புத்தி வந்துரும்.

அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீ குடுத்த காசு 50 லட்சம் வரைக்கும்னா அங்கனதான். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கெடையாது. கம்பெனி டெல்லியில இருந்தாலும், நீ குடியிருக்குற ஊர்லயே, இல்ல வேலை பாக்குற ஊர்லயே வழக்குப் போடலாம். வக்கீல் வச்சுத்தான் பேசணும்னு கட்டாயமில்ல. ரெண்டு வருசத்துக்குள்ள போட்டுரணும். மூணு மாசத்துல, சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தா ஐஞ்சு மாசத்துல, முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது. சட்டம் சொல்லுதுன்னுதான் சொன்னேன், காலண்டரைக் கிழிச்சு வச்சிக்கிட்டு உக்காராத.

இனி உன் மிஷினு. பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னியே, அதைத் திரும்பச் சொல்லு பாப்போம். "சத்தமே வராது, பிளாட்டுக்குன்னே செஞ்சது"ன்னு வெளம்பரத்துல போட்டிருந்தான்னு சொன்ன. ரெண்டு நாள் ஓட்டினதுக்கே கீழ்வீட்டுக்காரரு கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மேல வந்துட்டாருன்னும் சொன்ன. அதுக்குப் பயந்துதானே துண்டு காயப் போட ஆரம்பிச்சீங்க? அடேய் கூறுகெட்டவனே, இதுக்குப் பேரா மனசு மாறினது? சொன்ன குணம் பொருள்ல இல்ல. மனசு மாறினவன் சலுகை கேக்கணும். சொன்ன மாதிரி பொருள் இல்லாதவன் உரிமையைக் கேக்கலாம். உரிமை கையில இருக்கும்போது நீ எதுக்குலே சலுகை கேட்டு அலையுத?

அந்த ரிட்டர்ன் பக்கத்துல காரணம் கேக்குமே, அங்கன "மனசு மாறிவிட்டது"ங்கிற எடத்துல கையை வைக்காத. "விளம்பரத்தில் சொன்னபடி இல்லை"ங்கிறதை அமுக்கு. வெளம்பரப் படத்தை ஒட்டு. மிஷினை ஓட விட்டு, அந்தச் சத்தத்தை வீடியோ எடுத்துச் சேத்து அனுப்பு. கீழ்வீட்டுக்காரர்ட்ட முன்கூட்டியே சொல்லிட்டு ஓட விடு. முடிஞ்சா அவரையே சாட்சியாக் கூப்பிட்டு ஒரு காப்பி குடு. ஆனா "மோட்டார் புகையுது", "பெல்ட்டு அறுந்துருச்சு"ன்னு கூட ஒரு பொய்யைச் சேத்துக் கட்டாத. பொய் சொல்லி விக்கிறது அவனுக்குத் தொழிலு, தெனமும் பழகுதான். நீ ஆபீஸுக்கு லீவு சொல்லும்போதே திக்குற ஆளு, ஒரே நாள்ல மாட்டிக்கிடுவ.